உபயம்

முதலாவது, நாற்காலி. தலைத் தீபாவளிக்குப் போன வீட்டில் மாமனார் மூத்த மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டார், இளைய மாப்பிள்ளைக்குப் பாய் விரித்தார். வீட்டில் ஒரே நாற்காலிதான் இருந்தது என்பதெல்லாம் பின்னால் சொன்ன சாக்கு. இரண்டாவது, ஜாமீன். மூன்றாவது, மேதினி. நான்காவது, காத்தாடி. ஐந்தாவது, ஊர் வைத்த பெயர். ஆறாவது, கொள்ளி. ஏழாவது, செத்த பிறகும் விடாமல் செய்தது, இந்தத் தகரப்பெட்டி. சென்னியப்பன் முகம் மழிக்கும்போதெல்லாம் இந்தக் குற்ற வரிசையை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவார். வரிசை பிசகினால் கத்தி தடுக்கும். காலமெல்லாம் நோட்டீசு எழுதிய கை அது. கோரிக்கையானாலும் குற்றமானாலும் நம்பர் போட்டால்தான் அதற்கு முதுகெலும்பு வரும் என்று நம்புகிற கை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிற்று. அதற்குமேல் படித்ததெல்லாம் தறிக்கூடத்தில் கைமாறிக் கைமாறி அட்டை போன சிறு வெளியீடுகள். அவற்றில் உலகத்து அநியாயம் முழுவதும் எண்ணிட்ட பத்திகளாக நின்றது, ஒன்றைத் தாண்டாமல் இரண்டுக்குப் போக முடியாது. பொன்னுரங்கத்தின் அநியாயமும் அப்படித்தான். பொன்னுரங்கம் என்பது அவர் மனைவி சரசாத்தாளின் அக்காள் புருஷன், தபாலாபீசில் தபால்காரராகச் சேர்ந்து போஸ்ட்மாஸ்டராக வெளியே வந்த ஆள், போன ஆடியில் காலமானவர், பிள்ளையில்லாதவர். சகலை. அது என்ன உறவு? ரத்தமும் இல்லை, சிநேகமும் இல்லை. ஒரே வீட்டு வாசலில் இரண்டு ஆம்பிளைகளை நிறுத்திவைத்து ஆயுசு முழுக்க உயரம் பார்க்கிற உறவு.

"ஏனுங், இன்னுமா செரைக்கறீங்க? பதினோரு மணிக்கு வாசகசாலைல இருக்கோணும்னு நீங்கதான சொன்னீங்க" என்று சரசாத்தாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். இருக்கட்டும், பெட்டிக்குக் காலா முளைத்திருக்கிறது ஓடிப்போக, என்றார் இவர். "பெட்டி ஓடாது. நீங்கதான் ஓடறீங்க. மொதல்ல ஆத்துல கொட்டறேன்னீங்க. அப்புறம் சேலத்து யாவாரிக்கு வித்துப்போடறேன்னீங்க. இன்னைக்கு தருமம்." தருமம் இல்லை, பொதுச்சொத்து, என்று கண்ணாடியைப் பார்த்துத் திருத்தினார். "பொதுச்சொத்துக்கு எதுக்குங் உங்க பேரு?" கத்தி தாடையோரம் இழுத்துவிட்டது. சிவப்பாக ஒரு பொட்டு எழும்பி, யோசித்து, பிறகு கழுத்துக்கு இறங்கியது. படிகாரத்தைத் தேடிய கை ஜிப்பாப் பைக்குள் போய், நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சின்னத் துணிப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

கரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது வாசகசாலை. ஆட்டோக்காரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரும்பா மாமா, என்று தோளைத் தேய்த்துக்கொண்டான். பழங்காசு, செம்பு, வெள்ளி, ஈயம், என்றார் சென்னியப்பன், ஒரு பெருமை தன்னையறியாமல் குரலில் ஏறியதை உடனே கண்டுபிடித்து இறக்கினார். யாருடைய செம்பு, யாருடைய வெள்ளி. செயலாளர் குப்புராஜ் மேசையைத் துடைத்து வைத்திருந்தான். ஒரு சாட்சி வந்தாயிற்று, பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அர்த்தனாரி, நாளிதழைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு சாட்சி வர வேண்டும். வாசகசாலைக்கு வரும் எந்தப் பொருளையும் ஊரார் இருவர் முன்னால் இன்னது, இன்னார் தந்தது என்று உரக்க வாசித்துத்தான் ஏற்க வேண்டும். விதி. போட்டவர் சென்னியப்பன், அன்று உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, காதால் கேட்டதுதான் அவர்களுக்குப் பத்திரம். அதே நாளில் போட்ட இன்னொரு விதி, எந்தப் பொருளின் மேலும் உபயம் என்று யார் பெயரையும் எழுதக்கூடாது. கோவிலில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவன் தன் பெயர், அப்பன் பெயர், கடை பெயர் எல்லாம் எழுதி வெளிச்சத்தில் பாதியைத் தானே விழுங்கிவிடுகிறான் என்று அதற்காகவே ஒரு நோட்டீசு போட்டார். நல்ல நோட்டீசு அது. ஊரே சிரித்தது. அந்த இரண்டாவது விதிக்குத்தான் இப்போது விலக்கு வாங்கியிருக்கிறார். "விதி போட்டவரே வெலக்கு கேட்டா நாங்க என்ன செய்யறதுங்க தோழர்?" என்றான் குப்புராஜ், சிரிப்பை மீசைக்குள் தள்ளி. நாணயப் பெட்டிக்குக் கண்ணாடி அலமாரி வருகிறது. அதன் நெற்றியில் ஒரு வரி வரும். தாள் மேசைமேல் தயார். உபயம்: தோழர் சி. சென்னியப்பன். அவர் கையாலேயே எழுதியது, சிவப்பு மசியில்.

மேலே காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான்காவது. பொன்னுரங்கம் வாங்கிக் கொடுத்தது, விதிப்படி பெயர் எழுதாமல், எழுதச் சொல்லிக் கேட்காமல். அதுதான் அவன் தந்திரம், கேட்கவே மாட்டான். கேட்காதவனுக்கு ஊர் தானாகக் கொடுத்தது, 'போஸ்ட்மாஸ்டர் காத்தாடி'. போஸ்ட்மாஸ்டர் காத்தாடிக்குக் கீழே உட்காருங்க, போஸ்ட்மாஸ்டர் காத்தாடியை நிறுத்திட்டுப் போங்க. செங்கல் சுமந்து, நாலு தெரு வசூலித்து, போலீசுக்காரனோடு மல்லுக்கட்டி இந்தக் கூரையை எழுப்பியது யார்? அதற்கு ஒரு பெயர் கிடையாது, வாசகசாலை, வெறும் வாசகசாலை. நோட்டீசும் அப்படித்தான், அத்தனையும் எழுதியவர் இவர், கீழே 'போராட்டக் குழு' என்று இருக்கும். அதுதான் சரி, அதுதான் கொள்கை, கொள்கையை இன்றைக்கும் யாராவது கேட்டால் இதையே சொல்வார். ஆனால் காத்தாடி கர், கர் என்று ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இடறி அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் மனுஷன் எத்தனை காலம் கீழே உட்கார்ந்திருக்க முடியும். எண்ணெய் போட வேண்டும். யார் போடுவது. அவன்தான் வந்து போடுவான், கைலியை மடித்துக் கட்டி மேசைமேல் ஏறி, சகல, கொஞ்சம் கால பிடியுங்க, என்பான். பிடித்திருக்கிறார். மெலிந்த கால், நரம்பு புடைத்த கால், அந்தக் காலைத்தான் ஆடியில் பெருவிரலோடு பெருவிரல் சேர்த்துக் கட்டினார்கள்.

ஜிப்பாப் பைக்குள் விரல் மறுபடியும் போயிற்று. பெட்டிக்குள் ஒவ்வொரு காசும் ஒரு துணிப் பையில் இருந்தது. பொன்னுரங்கத்தின் மனைவி பெரியநாயகி, உயிரோடிருந்த காலத்தில், தையல் மிச்சத்தில் தைத்துத் தைத்துக் கொடுத்தவை. ரவிக்கைத் துண்டு, திரைச்சீலைத் துண்டு, தபாலாபீசுக் காக்கித் துண்டு. நேற்று பிற்பகல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது அடியில் இது வந்தது. மஞ்சள் சீட்டி, அதில் பச்சைக்கிளி. மகள் மேதினியின் சின்ன வயதுப் பாவாடை. சந்தேகமே இல்லை, கிளியின் மூக்கு சாயம் பிசகி வாலுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும், குழந்தை அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கும். உள்ளே தேய்ந்த செப்புக்காசு, ஒரு பக்கம் யானை இருந்த இடத்தில் முதுகு மட்டும் மிச்சம். அந்தப் பாவாடையை யார் வாங்கியது? தான் வாங்கியதென்று முதலில் நினைத்தார். வேலைநிறுத்தத்துக்கு முந்தின பொங்கல், சந்தையில், துணிக்காரன் கிளியைத் தட்டிக் காட்டினான், பேரம் பேசினோம். பேசினோமா? அந்தப் பொங்கலுக்கு ஈரோட்டில் மாநாடு அல்லவா. அப்படியென்றால் அவன் வாங்கியிருப்பான், ஜெயிலில் இவர் இருந்த நாட்களில், குழந்தை அவன் வீட்டில் கிடந்தபோது. துணிக்காரன் முகம் நினைவிருக்கிறதே. துணிக்காரன் முகம் எல்லாச் சந்தையிலும் ஒன்றுதான். யார் வாங்கியது? சரசாத்தாளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் நினைவு துல்லியம், அதனாலேயே கேட்கவில்லை.

ஜாமீன். வரிசைப்படி இரண்டாவதுதான் என்றாலும் மற்றதெல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை. தறித் தொழிலாளர் போராட்டத்தில் உள்ளே போன அத்தனை பேரும் ஜாமீன் கேட்பதில்லை என்று கைதூக்கித் தீர்மானம் போட்டார்கள், தீர்மானத்தை எழுதியதே இவர். பத்தாம் நாளோ என்னவோ, வார்டன் வந்து சென்னியப்பா மூட்டையக் கட்டு என்றான். வெளியே சகலை நிற்கிறான், சர்க்கார் உத்தியோகத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போட்டு, மாமனார் வீட்டு நிலப் பத்திரத்தோடு. "பாப்பாவுக்குக் காய்ச்சலுங்க சகல, டைபாய்டு. அதான்." அதான்! ஒரு ஆயுசைக் கெடுத்துவிட்டு அதான். உள்ளே இருந்தவர்கள் தண்டனை முழுக்கக் கழித்து மாலையோடு வந்தார்கள், அதிலிருந்துதான் தலைவர்கள் எழுந்தார்கள், சட்டசபை வரைக்கும் ஒருவன் போனான். இவர் ஜாமீன் தோழர். மேடையில் ஓரத்து ஆள். பேச வேண்டுமானால் கடைசியில், மைக்செட்காரன் கம்பியைச் சுருட்டும் நேரத்தில். ஜாமீன் தாளில் கைதியும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து யாருடையது என்பது மட்டும் குற்றப்பட்டியலில் எந்த நம்பரிலும் வராது. அன்றைக்கு வீட்டுக்கு ஓடி, அவன் வீட்டுக்கு ஓடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனால் காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தை அவன் மடியில் இருந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றிக் காசுகளைப் போட்டிருந்தான். தண்ணீருக்குள் போட்டால் தேய்ந்த உருவம் தெரியுமாம். ஆனை எங்கே? குழந்தை விரலைத் தண்ணீருக்குள் விட்டு, ந்தா, என்றது. அப்பா வந்துட்டாங்க பாரு, என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்தது, தெரியாமல் இல்லை, தெரிந்துதான் மறுபடி தட்டுக்குள் குனிந்தாள். ஆனையைவிட அப்பன் சின்ன ஆள்.

மே முதல் தேதி பிறந்ததால் மேதினி என்று பேர் வைத்தது இவர். பேர் மட்டும் இவருடையது. எண்ணக் கற்றுக்கொண்டது அவன் காசில், மாணவியர் விடுதிக்குப் போனபோது கடிதம் போட்டது அவன் தபாலாபீசுக்கு, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று முதலில் சொன்னது பெரியப்பாவிடம். இதையெல்லாம் ஒருவர் பொறுத்துக்கொள்ளலாம். கொள்ளியை எப்படிப் பொறுப்பது? பெண்ணும் கொள்ளி வைக்கலாம் என்று இந்த ஊரில் முதலில் எழுதியவன் யார்? கடைத்தெருவில் அந்த நோட்டீசைக் கிழித்து இவர் முகத்தில் எறிந்தார்கள். மேதினி அதை மனப்பாடமாகச் சொல்லுவாள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கினாள். சொன்னபடியே செய்தாள், பொன்னுரங்கத்துக்கு. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி வந்தபோது சுடுகாட்டில் அவ்வளவு கூட்டமும் நின்று பார்த்தது, தபாலாபீசு, பஸ் நிலையம், ஆற்றங்கரை, யார் யாரோ. அவளை எல்லோரும் மெச்சினார்கள். யாரோ இவர் கையைப் பிடித்து, உங்க கொள்கைதானுங்களே, என்றார்கள். ஆமாம், என் கொள்கை. இனி எனக்கு அவள் வைக்கும்போது அது ரெண்டாவது தரம். செய்தித்தாளில் வராது. நான் செத்தால் வருகிற கூட்டம் இந்த அர்த்தனாரி, இந்தக் குப்புராஜ், அதுவும் மழை பெய்யாமல் இருந்தால்.

பிறகு வக்கீல் கூப்பிட்டு, உயில்படி வீடு மேதினிக்கு, நாணயப் பெட்டி உங்களுக்கு, என்றார். எதற்கு எனக்கு? நான் காசு சேர்த்தவனா? ராஜாக்களின் தலையைச் செம்பில் அடித்து வைத்ததையெல்லாம் பூட்டி வைத்துக் கும்பிடுகிற பழக்கம் எனக்கு உண்டா? உண்டு என்று நினைத்திருப்பானா? கேலியா? வாழ்நாள் முழுக்கச் சுரண்டலைப் பேசியவனிடம் ஒரு பெட்டிக் காசைக் கொடுத்து, இப்போது என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று மேலேயிருந்து, மேலே என்பதில் நம்பிக்கையில்லை, எங்கேயோயிருந்து பார்க்கிறானா? ஆற்றில் கொட்டுவதென்று முதலில் முடிவு செய்தது சரிதான், அமராவதியில் எடுத்தது அமராவதிக்கு. ஆனால் கொட்டினால் ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குகிறவர்கள் மறுபடி எடுத்துவிடுவார்கள், போஸ்ட்மாஸ்டர் காசு என்று அதற்கும் பேர் வைப்பார்கள். சேலத்து வியாபாரி தொலைபேசியில் முதலில் கேட்டதே, போஸ்ட்மாஸ்டர் பொன்னுரங்கம் ஐயாவோட சேகரமுங்களா, அவருக்குப் பேர் இருக்குங்களே, என்று. விற்றாலும் அவன் பேர்தான் விலை போகும். அப்போதுதான் இந்த யோசனை உதித்தது. கண்ணாடி அலமாரி. நெற்றியில் ஒரு வரி. சட்டப்படி என்னுடையது, நான் கொடுக்கிறேன், என் பெயர். ஐந்தாவதுக்கு அதுதான் பதில். கடைத்தெருவில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், இவர் யாருங்க என்றால், நம்ம போஸ்ட்மாஸ்டர் சகலை. அத்தனை ஊர்வலத்துக்கும் முன்னால் நடந்தவனுக்கு ஒரு வால். இனிமேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அலமாரி முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசிக்கும். சென்-னி-யப்-பன். பொன்னுரங்கத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காது.

"வா ஆத்தா, வா வா. இப்படி உக்காரு" என்று குப்புராஜ் வாசலில் யாரையோ அழைத்தான். கிழவி ஒருத்தி, வெள்ளரிக்காய்க் கூடையை வெளியே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரெண்டாவது சாட்சி. "பாவாயிங்க தோழர். ஆத்துல மணல் சலிச்சிட்டிருந்தவங்க. இதுல பாதிக் காசு இவங்க ஆளுங்க எடுத்துக் குடுத்ததுதான், அதான் கூட்டியாந்தேன்." பாவாயி உட்காரவில்லை. பெட்டியைப் பார்த்தாள், பிறகு இவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் சாவகாசமாகப் பார்த்தாள், கத்திக் காயம் வரைக்கும். அவள் வாய் திறக்கப்போகிறது, இவர் காதைத் தயார் செய்துகொண்டார், போஸ்ட்மாஸ்டர் சகலைங்களா.

"நீங்கதானுங்களா அந்தச் சென்னியப்பன்?" என்றாள் பாவாயி. "நான் இன்னும் ஓங்குதாங்கா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

எந்தச் சென்னியப்பன், என்றார்.

"ஊருக்கு எத்தன சென்னியப்பனுங்க? எங்களுக்குக் கவருமெண்டு ஆளுன்னாலே ஒதறலுங்க. காசு கெடச்சுதுன்னு தெரிஞ்சா போலீசு டேசனுக்கு இழுத்துருவாங்க. இந்தக் காசெல்லாம் சேத்தாருங்களே, அவரு மொதமொதல்ல சைக்கிள்ல வந்து காக்கிச் சட்டையோட கரையில நின்னப்ப நாங்கெல்லாம் சல்லடையத் தூக்கிட்டு ஓடிட்டமுங்க. ஓடாதீங்க, நான் ஆபீசர் இல்ல, சென்னியப்பனோட சகல, அப்படின்னு கத்துறாரு தண்ணிக்கு அந்தப் பக்கமிருந்து. எங்க ஊட்டுக்காரரு தறிச் சண்டைல உங்க பின்னால வந்து அடி வாங்குனவரு. அவருதான் நில்லுன்னாரு. அந்தப் பேரச் சொன்னதுக்கப்புறம்தான் நாங்க முந்தானை முடிச்சவே அவுத்தம்." கிழவி சிரித்தாள், மேலே ஒரு பல்தான். "எங்க பக்கம் அவருக்குப் போஸ்ட்மாஸ்டருன்னெல்லாம் பேரு இல்லீங்க. சாகறவரைக்கும் சென்னியப்பன் சகலதான். சுடுகாட்டுக்குக்கூட நாங்க அப்படிச் சொல்லித்தான் வந்தம், சென்னியப்பன் சகல போயிட்டாருன்னு."

அர்த்தனாரி விழித்துக்கொண்டு, ஆரு போனது, என்றார். காத்தாடி ஓரிடத்தில் இடறி மறுபடி சுற்றியது. எட்டாவது, என்று சென்னியப்பனின் மனம் உடனே தொடங்கியது, பழக்கம், கை போல அதுவும். எட்டாவது, கேட்காமல் என் பெயரை எடுத்துச் செலவு செய்தான். இந்தப் பெட்டி முழுக்க என் பெயரைக் காட்டி வாங்கியது, திருட்டு, ஒருநாள் சொன்னானா, காத்தாடிக்கு எண்ணெய் போடும்போது, கால பிடியுங்க என்று சொன்ன வாயால் இதைச் சொன்னானா? சொல்லியிருந்தால் ஐந்தாவது நின்றிருக்காதே. ஆற்றங்கரையில் இத்தனை வருஷம் ஒருவன் தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து என் பெயரைக் கத்தியிருக்கிறான், கத்திய பெயருக்கு ஆட்கள் நின்றிருக்கிறார்கள், நான் அதைக் கேட்க ஒருநாள் அந்தப் பக்கம் போகவில்லை. அவன் கேட்டான். என் பெயருக்கு அங்கே இருந்த மரியாதையைக்கூட அவன்தான் போய் அனுபவித்தான். அதிலும் அவன்தான் முந்தி. வயிறு எரிந்தது. நாற்காலியிலிருந்து இன்றுவரை எரிந்த அதே இடத்தில் எரிந்தது, ஆனால் குளிருக்குக் கை காட்டுகிற நெருப்பு மாதிரி, விலக மனம் வரவில்லை. எட்டாவது என்று சொல்லி அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒன்றுக்கு முன்னாலா?

"வாசிச்சிருங்க தோழர்" என்றான் குப்புராஜ். "ஆத்தா யாவாரத்துக்குப் போகோணும்."

சென்னியப்பன் எழுந்தார். ஜிப்பாப் பையிலிருந்து கிளிப் பையை எடுத்தார். யானைக்காசை உதறி உள்ளங்கையில் வாங்கி மற்றக் காசுகளோடு பெட்டிக்குள் வைத்தார். துணியை மடித்து மறுபடி ஜிப்பாவுக்குள் போட்டுக்கொண்டார். யார் வாங்கியதானாலும் அது காசில்லை, கணக்கில் வராது. தாளைக் கையில் எடுத்தார். சிவப்பு மசி அவர் கையெழுத்தில் அவர் பெயரைச் சொன்னது, தெளிவாக, தோழர் என்ற பட்டத்தோடு. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கடைசியாக மைக் கம்பி சுருட்டப்படாத ஒரு கூட்டத்தில் எப்போது பேசினார் என்று நினைவில்லை; தொண்டையை ஒருதரம் செருமி, தறிக்கூடத்துச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரலை எடுத்தார். அமராவதி ஆற்று நாணயங்கள், ஒரு பெட்டி, வாசகசாலைக்கு, என்று வாசித்தார். பாவாயி கைகளைக் கட்டிக்கொண்டாள். அர்த்தனாரி காதைத் திருப்பினார். அடுத்த வரியில் விரலை வைத்து, விரலுக்குக் கீழே இருந்ததைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததை வெளியே தெருவரைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"உபயம், சென்னியப்பனின் சகலை பொன்னுரங்கம்."